“என்ன படிக்கிறீக?”: முகவைக் கரையோரம் ஐந்து நாள்

முதல் நாள், ராமநாதபுரம்

“மே மாசத்துல ராமநாதபுரத்துக்குச் சுத்திப் பாக்க வந்தீகளா?” லாட்ஜ்காரர் இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றதும் மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

சுற்றிப் பார்க்க என்றும் சொல்லமுடியாது. திருச்சியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிறோம். பல வருஷமாக அதே ஆட்கள், ஏறக்குறைய அதே புத்தகங்கள். போன மாதம் ஒருவர், “இப்பல்லாம் யார் சார் படிக்கிறாங்க” என்று ஆரம்பித்தார். எல்லோரும் தலையாட்டினோம். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது, நாங்கள் யாரையும் கேட்டுப் பார்த்ததே இல்லை. ஐந்து நாள் விடுப்பு பாக்கி இருந்தது. கடலோரமாகப் போய்க்கொண்டே கண்ணில் படுகிறவர்களிடம், இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்பது; அன்றன்றைக்கு ராத்திரியே எழுதிப் போட்டுவிடுவது. அவ்வளவுதான் திட்டம்.

துணைக்குப் பையில் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. தலைக்கு வைத்துப் படுக்கலாம், அந்தப் பருமன். வேண்டுமென்றேதான் அதை எடுத்துவந்தேன். 1880இல் கும்பகோணத்தில், சேலம் ராமசாமி முதலியார் என்கிற முன்சீப் அவரைப் பார்த்து இதே கேள்வியைத்தான் கேட்டார். இவரும் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று படித்ததையெல்லாம் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சரி, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்றார். படித்ததில்லை; புத்தகமே கிடைத்ததில்லை. அந்தக் கேள்வி குத்திய இடத்திலிருந்து கிளம்பிய மனிதர், 1887இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்த பிறகும் நிற்கவில்லை. ஆயுசு முழுக்க ஏடு தேடி அலைந்தார்.

மாவட்ட மைய நூலகத்தில் முதல் போணி. வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருந்த பையனிடம் கேட்டேன், என்ன தம்பி படிக்கிறீங்க?

“குரூப் ஃபோர்ண்ணே.”

பக்கத்தில் இருந்த பெண்ணும் குரூப் ஃபோர். தூணோரத்தில் நின்றவர் போலீஸ் எஸ்.ஐ. தேர்வு. இன்னொருவர், “நான் பி.காம் முடிச்சிட்டேன் சார்” என்றார், கொஞ்சம் கோபமாகவே. தப்பு என்னுடையதுதான். நம் ஊரில் ‘என்ன படிக்கிறே’ என்றால் எந்த வகுப்பு, எந்தத் தேர்வு என்றுதான் அர்த்தம். சின்ன வயதில் நான் கதைப் புத்தகம் வைத்திருந்தால் அம்மாவும், “படிக்காம என்ன புஸ்தகம் வேண்டிக் கிடக்கு” என்பாள். அந்த வாக்கியத்தில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

ஆனால் இந்தப் பிள்ளைகளைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் ஒரே அறை, அதில் டிவி. இங்கே மேசை இருக்கிறது, காற்று வருகிறது, யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. இன்றும் நம் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. அந்தக் காசு ஒரு பிள்ளைக்கு உட்கார இடமாவது கொடுத்தால் நஷ்டமில்லை.

கதைப் புத்தகம் யாரும் எடுப்பதில்லையா என்று நூலகத்தில் வேலை செய்யும் ஒருவரைக் கேட்டேன். அலமாரிக்குக் கூட்டிப்போய்ப் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் காட்டினார். முதல் பாகம் அட்டை கிழிந்து, முதுகில் துணி ஒட்டி, ஓரமெல்லாம் விரல் அழுக்கு. இரண்டாவது சுமார். மூன்றாவது பரவாயில்லை. ஐந்தாவது புத்தம் புதிதாக இருந்தது. “படம் வந்ததும் எல்லாரும் ஒண்ணாம் பாகத்துக்கு ஓடி வந்தாக. அஞ்சாம் பாகத்துக்கு வாரவுக வேற ஆளுக சார்” என்றார். எந்தக் கணக்கெடுப்பும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடாது.

சாயங்காலம் அரண்மனைக்குப் போனேன். இராமலிங்க விலாசத்தின் சுவர்களில் ராமாயணம் வரைந்திருக்கிறார்கள், நடந்துகொண்டே படிக்கலாம். இந்தச் சேதுபதி வம்சத்தில் வந்தவர்தான் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் சொற்பொழிவாற்றப் போன இடத்தில் கம்பராமாயணமும் திருக்குறளும் தேடியும் கிடைக்காமல், அந்த ஆத்திரத்தில்தான் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். அவரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. ஸ்காட் என்கிற வெள்ளைக்காரர் குறளில் எதுகை மோனை சரியில்லை என்று திருத்தி அச்சிட்டாராம். தேவர் அத்தனை பிரதிகளையும் விலைக்கு வாங்கிக் கொளுத்திவிட்டாராம். நடந்ததோ இல்லையோ, ஒரே ஆள் மொத்தப் பதிப்பையும் வாங்கினார் என்றால் இன்றைய பதிப்பாளர்கள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

இரண்டாம் நாள், கீழக்கரை

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. பழைய ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபத்துக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். அத்தனை நெருக்கமான சிற்ப வேலை. வள்ளல் சீதக்காதி அடங்கியிருப்பது இந்த ஊரில்தான். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவாக நின்றவர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று நாமெல்லாம் பழமொழியாகச் சொல்கிறோம். படிக்காசுப் புலவர் பரிசு வாங்க வந்தபோது வள்ளல் இறந்துபோயிருந்தார். புலவர் அழுது பாட, குழியிலிருந்து மோதிரக் கை வெளியே வந்தது என்பது கதை. புத்தகத்துக்குக் காசு கொடுக்கிறவர்கள் அப்போதும் அரிதாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படி ஒரு கதை பிறந்திருக்காது.

தொதல் என்கிற இனிப்பு வாங்கப் போன கடையில்தான் அவரைப் பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் பழுப்பேறிய ஒரு புத்தகம், நடுவில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. நேற்றுப் பட்ட பாட்டில் கேள்வியை மாற்றிக் கேட்டேன்: பாய், அது யாரோட புத்தகம்?

“பாய்னு சொல்லாதீங்க தம்பி. இங்கே அண்ணனைக் காக்கான்னுதான் சொல்லுவோம்.” பிறகு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். மூன்று பெயர்கள், மூன்று மையில். முதல் இரண்டும் ஒரு கோடு போட்டு அடித்திருந்தன. மூன்றாவது அவருடையது.

ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’.

காக்கா 22 வருஷம் பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தவர். கூட வேலை பார்த்த ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது கையில் திணித்துவிட்டுப் போன புத்தகம். ஒரு வருஷம் தொடவே இல்லையாம். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் எடுத்தால், கதை நடப்பது அவர் தினமும் நடக்கிற அதே ஊரில். “நான் எச்சி இலை எடுத்த ஊருக்குள்ளே ஒருத்தன் தத்துவம் பேசிக்கிட்டு, சண்டை போட்டுக்கிட்டுத் திரியுறான் தம்பி. அதுவும் நம்ம பக்கத்து ஆளு. அன்னைக்குத்தான் எனக்கு அந்த ஊரு மேல இருந்த பயம் போச்சு.” வருஷத்துக்கு ஒருமுறை படிக்கிறார். இது எத்தனையாவது முறை என்று அவருக்கே கணக்கில்லை.

சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குக் கப்பலேறி, யுத்தத்தை அங்கே கண்ணால் பார்த்து, திரும்பிவந்து மதுரையில் பத்திரிகை வேலையில் அமர்ந்தவர். எழுதியது இரண்டே நாவல். இது 1972இல் புத்தகமாக வந்தது. வந்த காலத்தில் அதைக் கொண்டாட ஆளில்லை. திருச்சியில் எங்கள் கூட்டத்தில் அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறோம். உத்தி, நனவோடை, அங்கதம் என்றெல்லாம் பேசினோம். அந்தப் பேச்சுக்கு நான் பாதி படித்துவிட்டுப் போனவன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். பயம் போச்சு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

மதியம் வற்புறுத்தி வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான் திண்ணையை ஒட்டிய அறையில். உள்ளேயிருந்து அவருடைய உம்மாவின் குரல் மட்டும் வந்தது. உம்மா என்ன படிப்பாங்க என்று காக்கா வழியாகக் கேட்டேன். “எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது வாப்பா” என்று பதில் வந்தது. காக்கா சிரித்தார். எழுந்து போய் ஒரு கிதாபு கொண்டுவந்தார். எழுத்து அரபி, வலமிருந்து இடம். விரல் வைத்து ஒரு வரி வாசித்தார். சுத்தத் தமிழ்.

அரபுத் தமிழ் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கையில் தொட்டது இதுதான் முதல்முறை. அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்காக, இருக்கிற எழுத்தில் புள்ளியும் குறியும் கூட்டி உருவாக்கிய எழுத்துமுறை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19ஆம் நூற்றாண்டில் இதில் நிறைய எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் வீட்டுக்குள்ளேயே ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டு தமிழ் படித்தார்கள். அந்த உம்மா தினமும் தமிழ்தான் படிக்கிறார். நம் கணக்கில் படிக்கத் தெரியாதவர். அவரும் அந்தக் கணக்கை நம்பிவிட்டார் என்பதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

கிளம்பும்போது காக்கா என் பையைப் பார்த்து, “அது என்ன செங்கல்?” என்றார். ‘என் சரித்திரம்’ வாங்கிப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, “இது இங்கே இருக்கட்டும். அதுக்கு அடமானமா இதை எடுத்துட்டுப் போங்க” என்று தோணியை நீட்டினார். இவ்வளவு வருஷம் கைவிடாத புத்தகத்தை முன்பின் தெரியாதவனிடம். நான் தயங்கினேன். “பாதியில நிக்கிறேன்னு நீங்களே சொன்னீங்களே” என்றார்.

மூன்றாம் நாள், ஏர்வாடி தாண்டி

எழுத அதிகமில்லை. ஏர்வாடி தர்கா கூட்டத்தில் யாரிடமும் புத்தகம் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. மனக்கஷ்டத்தோடு வந்தவர்கள் நிறைந்த இடம். அங்கிருந்து இன்னும் தெற்கே ஓர் ஊருக்குப் போனேன். அங்குள்ள கிளை நூலகம் காலையிலும் பூட்டியிருந்தது, மாலையிலும் பூட்டியிருந்தது. எதிர் டீக்கடையில் கேட்டால், “தொறப்பாக” என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. ஊர் பெயரை எழுதவில்லை; திறந்திருக்கும் நாளில் நான் போகாமல் இருந்திருக்கலாம்.

மிச்சப் பொழுது பனை நிழலில். அது நிழலே இல்லை, கோடு. சூரியன் நகர நகர நானும் நகர்ந்துகொண்டே சிங்காரம் படித்தேன். நுங்கு வெட்டிய அக்கா, ஓலையை முடைந்து கொட்டான் மாதிரி ஒன்று செய்து அதில் போட்டுக் கொடுத்தார். சுவடிக்கும் ஓலைதான், நுங்குக்கும் ஓலைதான். சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடியதெல்லாம் இதைத்தான் என்று நினைத்துக்கொண்டு, தின்றுவிட்டுத் தூர எறிந்தேன்.

நான்காம் நாள், பாம்பன், தங்கச்சிமடம்

புதிய பாம்பன் பாலத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து எல்லோரும் படம் போட்டுவிட்டார்கள். பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த நான்கு பேர் இன்றும் போட்டார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. நாட்டுப்படகுகள் மட்டும் போய்வருகின்றன. தங்கச்சிமடம் கரையில் ஒரு கீற்றுக் கொட்டகைக்குள் ஏழெட்டு ஆண்கள் காலை நீட்டி உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண், இருபது வயதுக்குள் இருக்கும், சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

பழக்க தோஷம். என்ன படிக்கிறே பாப்பா என்று கேட்டுவிட்டேன்.

“பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி அங்கிள்.”

கொட்டகையே சிரித்தது. அப்புறம்தான் சரியான கேள்வியைக் கேட்டேன், இது யாரோட புத்தகம்? பங்குச் சாமியார் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனதாம். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’. 2004இல் வந்த நாவல், பரதவர் வாழ்க்கை. அப்பாவுக்குப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. தடைக் காலத்தில் வேறு வேலையும் இல்லை. நேற்று எங்கே விட்டோம் என்று அவள் பக்கத்தைத் தேடும்போது, “நான் படிக்காதவன்” என்று முதலிலேயே என்னிடம் சொல்லிவைத்த பெரியவர், அங்கே இல்லை, அதுக்கும் முன்னாடி என்று சரியாக எடுத்துக் கொடுத்தார்.

இவர்கள் கேட்கிற விதம் வேறு. ஒவ்வொரு பத்திக்கும் வழக்கு நடக்கிறது. அந்தக் காத்துக்குக் கட்டுமரம் அப்படித் திரும்பாது என்கிறார் ஒருவர். அது அவுக கடல், நம்ம வடகடல் இல்ல, தென்கடல்லயே இன்னும் தெக்க, அங்கே திரும்பும் என்கிறார் இன்னொருவர். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றின் பெயர்கள் பறக்கின்றன. கட்டுமரத்தில் கடலுக்குப் போன அனுபவம் அங்கே ஒருவருக்குத்தான் இருந்தது. வாசிப்பு நின்று அவர் பேச ஆரம்பித்தார். கால் மணி நேரம் ஆயிற்று. யாருக்கும் அவசரமில்லை. நாவலில் கெட்ட வார்த்தை வரும் இடங்களில் அந்தப் பெண் ஒரு நொடி நிறுத்தித் தாண்டிப் போகிறாள். அந்த இடைவெளியில் யாராவது ஒருவர் சரியான வார்த்தையை முணுமுணுக்க, மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார்கள். பிறகு புத்தகத்தில் பார்த்தேன். இரண்டு இடத்தில் முணுமுணுத்தது அச்சில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

நூல் என்றால் புத்தகமும்தான், இழையும்தான். சொல்லைப் பஞ்சாக, மதியைக் கதிராக வைத்து நூற்பது என்று நன்னூலில் ஒரு பாட்டு இருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது வெறும் உவமை. இங்கே ஒரு பக்கம் நைலான் நூல் கண்ணி கண்ணியாக ஏறுகிறது, மறுபக்கம் இவள் வாசிக்கிறாள். எங்கே அறுந்திருக்கிறது என்று கை தானாகவே தேடிக்கொள்கிறது, காது வேறெங்கோ இருக்கிறது.

ஏம்மா, இதெல்லாம் உனக்குப் போரடிக்கலையா என்று கிளம்பும்போது கேட்டேன். “எங்கப்பா கடலுக்குள்ள என்ன பண்ணுவாருன்னு எனக்குத் தெரியாது அங்கிள். கேட்டாச் சொல்லமாட்டாரு. இதை வாசிச்சா, வாசிக்கிற இடத்துல எல்லாம் அவரே சொல்றாரு.”

திருச்சியில் எங்கள் கூட்டத்துக்கு நான் என்ன கொண்டுபோவது என்று இன்று ராத்திரி யோசித்துக்கொண்டிருக்கிறேன். படிப்பது தனியாக உட்கார்ந்து செய்கிற காரியம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கொஞ்சம் பெருமையும் அதில் இருந்தது.

ஐந்தாம் நாள், ராமேஸ்வரம், தனுஷ்கோடி

காலையில் பள்ளிவாசல் தெருவில் கலாம் பிறந்து வளர்ந்த வீடு. மேலே பதக்கங்கள், படங்கள், கூட்டம். எல்லோரும் ராக்கெட் படத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ‘அக்னிச் சிறகுகள்’ படித்தவர்களுக்கு வேறு இரண்டு விஷயங்கள் ஞாபகம் வரும். யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போக, ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள். பத்திரிகை ஏஜெண்டாக இருந்த உறவினர் சம்சுதீனுக்காக அந்தக் கட்டுகளைப் பிடித்த வேலைதான் கலாமின் முதல் சம்பாத்தியம். இன்னொன்று, எஸ்.டி.ஆர்.மாணிக்கம் என்கிற பழைய விடுதலைப் போராட்டக்காரர் வீட்டில் இருந்த நூலகம். பையன் அங்கே போய்ப் புத்தகம் இரவல் வாங்கிவருவான். அந்த அலமாரியில் இருந்த புத்தகங்கள் இப்போது யாரிடம் இருக்கின்றனவோ. கீழக்கரையிலும் நேற்றும் கேட்டுப் பழகிய கேள்வி, இங்கேயும் அதுவேதான் வருகிறது.

மதியம் பஸ்ஸில் தனுஷ்கோடி. இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார்ச்சாலை. இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் சங்கு, பாசிமணி விற்கிற கடைகள். ஒரு கடையின் தார்ப்பாய் நிழலில் அனுமதி கேட்டு உட்கார்ந்தேன். கடைக்கார அம்மாவுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வியாபாரம் இல்லாத நேரம். நான் தோணியைப் பிரித்தேன். எண்பது பக்கம் போலத்தான் மிச்சம்.

“என்ன தம்பி படிக்கிறீக?”

ஐந்து நாளில் முதல்முறையாக என்னிடம் ஒருவர் கேட்கிறார். கதைம்மா, என்றேன். சத்தமா வாசிங்க, சும்மாதானே இருக்கேன் என்றார். நேற்றைய கொட்டகை நினைவுக்கு வந்தது. சந்தோஷமாக நிமிர்ந்து உட்கார்ந்து, முதலில் பெயரைச் சொன்னேன்: ‘புயலிலே ஒரு தோணி’.

அவர் கை பாசிமணியின் மேல் நின்றது.

“வேணாம் தம்பி. புயல் கதைய எனக்கு வாசிக்க வேணாம்.”

1964 டிசம்பர் 22 ராத்திரி அவருக்கு ஆறு வயது. பாம்பனிலிருந்து வந்த ரயிலைக் கடல் கொண்டுபோன அதே ராத்திரி. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரு சங்கை எடுத்து விலை கேட்டேன். சொன்னார். பேரம் பேசாமல் வாங்கினேன். கடல் இரண்டு பக்கமும் இரண்டு நிறத்தில் கிடந்தது. வேனில் வந்த குடும்பம் ஒன்று இறங்கி, தேவாலயத்துச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துவிட்டுப் போயிற்று.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பையைத் தோளில் மாட்டினேன். அவர் மணிகளைக் கோத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

“அந்தத் தோணி கரை சேந்துச்சா?”

நான் இன்னும் முடிக்கவில்லை என்றேன்.

“முடிச்சிட்டு வந்து சொல்லுங்க. கரை சேந்தா மட்டும்.”